குப்பை மெயிலும் பையர் மெயிலும்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



சொந்த டொமைன் பெயரில் மெயில் வைத்து நடத்தும் திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். அவிநாசி ரோட்டில் நாலு மாடி அலுவலகம் வைத்திருப்பவர்களும் சரி, மேலே இரண்டு மெர்ச்சண்டைசர்கள், கீழே செக்கிங் டேபிள் என்று நடத்துபவர்களும் சரி, இந்த விஷயத்தில் எல்லோர் பாடும் ஒன்றுதான். உங்களைப் போன்ற நிறுவனங்களின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு.

ஸ்பேம் விஷயமாக எங்களுக்கு வரும் போன் இரண்டே வகை. "ஏனுங்க, இந்தக் கருமாந்திரமெல்லாம் எப்புடீங்க உள்ள வருது?" என்பது ஒன்று. "பையர் அனுப்பிச்சுட்டேங்கறாரு, நமக்கு ஒண்ணும் வரலீங்களே" என்பது இன்னொன்று. முதல் போன் வந்தால் வடிகட்டியை இறுக்குகிறோம். இரண்டாவது போன் வந்தால் தளர்த்துகிறோம். திருகு ஒன்றுதான். இறுக்கினால் குப்பை குறையும், நல்ல மெயில் சில மாட்டும். தளர்த்தினால் நல்ல மெயில் எல்லாம் வரும், கூடவே குப்பையும் வரும். அந்தத் திருகு எங்கே நிற்க வேண்டும் என்பதை இப்போது முடிவு செய்பவர், கடைசியாகக் கோபத்தோடு போன் செய்தவர். அதை நீங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இது உங்களுக்குப் புதிய கணக்கு ஒன்றும் இல்லை. ஷிப்மெண்டுக்கு முன் இன்ஸ்பெக்ஷன் வைக்கும்போது பெரிய குறைகளுக்கு ஏ.கியூ.எல். 2.5 என்று பையர் எழுதிக் கொடுக்கிறார். குறையே இருக்கக் கூடாது என்று அவர் எழுதுவதில்லை. எடுத்துப் பார்க்கும் சாம்பிளை வைத்து நல்ல லாட் ரிஜெக்ட் ஆகலாம், கெட்ட லாட் பாஸ் ஆகலாம் என்பதும், இரண்டில் எது எவ்வளவு நேரலாம் என்பதும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விஷயம். மெயில் வடிகட்டிக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் வேண்டும். பல நிறுவனங்களில் அது இல்லவே இல்லை.

முதலில், குப்பை ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று உலகம் முழுக்க மெயில் போகும் முறையை ஜான் போஸ்டெல் 1982 ஆகஸ்டில் எழுதி வைத்தார். அப்போது கணினி வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஆய்வுக்கூடத்துக்காரர்களும்தான். "நான் இன்னார்" என்று அனுப்புகிறவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் முறை அது. அடித்தளம் இன்னமும் அதேதான். அனுப்புநர் இடத்தில் உங்கள் பையர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் பெயரையும் எழுதலாம்.

குப்பையின் வரலாறு இதைவிடப் பழையது. 1978 மேயில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துர்க், புதுக் கணினி மாடலைப் பார்க்க வாருங்கள் என்று அந்தக் காலத்து ஆர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். 2004இல் டாவோஸில் பில் கேட்ஸ், இரண்டு வருடத்தில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு ஹோஸ்டிங் கம்பெனியின் இணைப்பைத் துண்டித்தபோது உலக ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது. "இதை ஒரேயடியா ஒழிச்சுக் குடுங்க" என்று கேட்கும்போது நாங்கள் ஏன் தலையைச் சொறிகிறோம் என்பதற்கு இவ்வளவு போதும்.

இனி உங்கள் சர்வர் வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வெளியிலிருந்து ஒரு கணினி மெயில் கொடுக்க வருகிறது. உங்கள் சர்வர் 220 என்று ஆரம்பிக்கும் ஒரு வரியால் வரவேற்க வேண்டும். வந்தவர் அதைக் கேட்டபிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்பது முறை. போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் இருக்கும் போஸ்ட்ஸ்கிரீன் என்ற பகுதி இங்கே ஒரு வேலை செய்கிறது. வரவேற்பில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு 6 விநாடி சும்மா இருக்கிறது. ஒழுங்கான சர்வர் காத்திருக்கும். யாருடைய வீட்டுக் கணினியிலோ புகுந்துகொண்டு லட்சக்கணக்கில் தள்ள வேண்டிய வைரஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. முறை மீறிப் பேச ஆரம்பித்துவிடும். அத்தோடு அதன் கதை முடிந்தது. மெயிலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது தடைப்பட்டியல். வந்தவரின் ஐ.பி. எண், ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகள் வைத்திருக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது. ஸ்பேம்ஹாஸை ஸ்டீவ் லின்ஃபோர்ட் 1998இல் தொடங்கினார். அதன் பட்டியல்களில் ஒன்று, நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத சாதாரண பிராட்பேண்ட் எண்களுக்கு உரியது. ஃபேக்டரி அலுவலகத்து மூலையில், பிராட்பேண்ட் இணைப்பில் மெயில் சர்வர் வைத்திருக்கும் சிலருக்கு "நாம அனுப்புறது பையருக்குப் போறதில்லீங்க" என்ற குறை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது, 2003இல் எவன் ஹாரிஸ் சொன்ன கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் 451 என்று சொல்லி, "பிறகு வா" என்று திருப்பி அனுப்புவது. உண்மையான சர்வர் சில நிமிடம் கழித்துத் திரும்ப வரும். குப்பை அனுப்பும் நிரல் பல நேரம் வராது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கும் விலை உண்டு. பையரின் போர்ட்டல் அனுப்பும் ஓ.டி.பி. அந்தக் காத்திருப்பிலேயே காலாவதி ஆகிவிடும். மெர்ச்சண்டைசர் திரும்பத் திரும்பப் புது ஓ.டி.பி. கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட அனுப்புநர்களுக்கு விலக்கு கொடுத்தாக வேண்டும். எந்தெந்தப் போர்ட்டல் என்று எங்களுக்குத் தெரியாது, உங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் தாண்டி வருவதற்குத்தான் புள்ளிக் கணக்கு. எங்கள் ஆட்கள் பலரும் வைத்திருப்பது ஸ்பேம்அசாசின் அல்லது ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டி மென்பொருள். ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதிகளில் ஓட்டி அது புள்ளி போடும். ஸ்பேம்அசாசினில் இயல்பான எல்லை 5 புள்ளி. ஆர்ஸ்பேம்டியில் 4 வந்தால் காத்திருக்கச் சொல்லும், 6 வந்தால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும், 15 வந்தால் வாசலிலேயே மறுத்துவிடும்.

நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். தலைப்பு "ரிவைஸ்டு பி.ஓ. அர்ஜென்ட்". அனுப்பியவர் பெயர் உங்கள் பையர் கம்பெனி. முகவரியோ சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு டொமைன். பதில் போக வேண்டிய முகவரி மூன்றாவது ஒன்று, இலவச மெயில். இணைப்பு, பி.டி.எஃப். என்று பெயரில் இருந்தாலும் கடைசி எழுத்துகள் ஜிப். திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கும், பாஸ்வேர்ட் மெயிலிலேயே எழுதியிருக்கும். ஜிப்பைப் பூட்டி வைத்தால் வைரஸ் தேடும் மென்பொருளால் உள்ளே பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டு. இதில் ஒவ்வொரு கூறும் தனியாக ஓரிரண்டு புள்ளிதான் பெறும். அவசரம் என்று எழுதுவது குற்றமில்லை. பதில் முகவரி வேறாக இருப்பதும் குற்றமில்லை. ஜிப் அனுப்புவதும் குற்றமில்லை, உங்கள் பையர் டெக் பேக்கை ஜிப்பில்தான் அனுப்புகிறார். எல்லாம் ஒன்றாகச் சேரும்போது எல்லையைத் தாண்டுகிறது.

சிக்கலும் அங்கேதான். உங்கள் நல்ல மெயிலும் தோற்றத்தில் இதேபோலத்தான் இருக்கிறது. பேமெண்ட், பேங்க், எல்.சி., அர்ஜென்ட், அட்டாச்மெண்ட் என்ற சொற்கள் இல்லாமல் ஏற்றுமதி மெயிலே கிடையாது. மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ இறுக்கமாக வைக்கும் விதியை அப்படியே திருப்பூரில் வைத்தால் முதலில் மாட்டுவது உங்கள் பையர்தான். இதற்கு மருந்து, வடிகட்டிக்கு உங்கள் மெயிலையே பாடமாகக் கொடுப்பது. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை எங்கும் பரவியது. எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எந்தச் சொல் நல்லதில் அதிகம் வருகிறது என்று வடிகட்டி தானே எண்ணிக் கற்றுக்கொள்ளும். ஜி.எஸ்.எம்., லேப் டிப், காம்ப்டு காட்டன் என்ற சொற்கள் உங்கள் அலுவலகத்துக்கு நல்ல அறிகுறி என்பது அதற்குப் பிடிபடும்.

ஸ்பேம்அசாசின் இந்தப் பாடத்தைப் பயன்படுத்த ஆரம்பிக்கவே 200 நல்ல மெயிலும் 200 குப்பையும் காட்டியிருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் குப்பை வந்தால் என்ன செய்கிறார்கள்? டெலிட் செய்கிறார்கள். நல்ல மெயில் ஜங்க்கில் கிடந்தால்? திறந்து படித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறார்கள். வடிகட்டிக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. குப்பையை ஜங்க்குக்குத் தள்ளுவது, நல்லதை இன்பாக்ஸுக்கு இழுப்பது, இந்த இரண்டையும் மெர்ச்சண்டைசர்கள் பழக்கமாக்கிக்கொண்டால் போதும். சர்வர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி அமைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

இப்போது மடலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு மெயில் குப்பை என்று சர்வர் நினைத்தால் அதை என்ன செய்வது? வழி மூன்று. வாசலிலேயே 550 என்று சொல்லி மறுக்கலாம். வாங்கி ஜங்க் ஃபோல்டரில் போடலாம். வாங்கிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் அழித்துவிடலாம்.

மூன்றாவது வழியைக் கேட்பவர்கள்தான் உங்களில் அதிகம். "ஜங்க்கூட வேண்டாங்க, கண்ணுலயே படக் கூடாது." கேட்டால் செய்துகொடுக்கும் சர்வர்க்காரர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சர்வர் தவறாக நினைத்து ஒரு நல்ல மெயிலை இப்படி அழித்தால், அனுப்பியவர் அது சேர்ந்துவிட்டது என்றே இருப்பார். ஏனென்றால் உங்கள் சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று பதில் சொல்லியிருக்கிறது. ஹாம்பர்க்கில் ஒருவர் புது ஸ்டைலுக்கு விலை கேட்டு எழுதுகிறார். மூன்று நாள் பார்க்கிறார். பதில் இல்லை. திருப்பூரில் இவர் ஒருவர்தானா என்று அடுத்தவருக்கு எழுதுகிறார். அப்படி ஒரு ஆர்டர் வந்துபோனதே உங்களுக்குத் தெரியாது. தெரியாத நஷ்டத்துக்கு யாரும் போன் செய்து சண்டை போடுவதில்லை, அதனால் இந்த அமைப்பு நன்றாக வேலை செய்வதுபோலவே தோன்றும்.

முதல் வழியில் இந்த ஆபத்து இல்லை. வாசலில் மறுத்தால், அனுப்பியவரின் சர்வர் அவருக்கே தகவல் சொல்லிவிடும். அந்த மறுப்பு வரியில் உங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் சேர்க்கலாம். தப்பாக மாட்டிய பையர் அதைப் பார்த்து உங்களைக் கூப்பிடுவார். குப்பை அனுப்பும் நிரல் அதை வாசிக்கக்கூடப் போவதில்லை. ஆனால் மறுப்பு வாசலிலேயே நடக்க வேண்டும். மெயிலை வாங்கிவிட்டு, பிறகு யோசித்து "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. குப்பையில் அனுப்புநர் முகவரி பொய். திருப்பி அனுப்பினால் ஒன்றுமறியாத யாருக்கோ போய் விழும், கடைசியில் குப்பை அனுப்பும் சர்வர் என்று உங்கள் பெயரே பட்டியலில் ஏறும்.

ஆக என் யோசனை இதுதான்: நிச்சயமான குப்பையை வாசலில் மறுக்க வேண்டும், சந்தேகமானதை ஜங்க்கில் போட வேண்டும், எதையும் சத்தமில்லாமல் அழிக்கக் கூடாது. வடிகட்டி தவறு செய்யும், அதைத் தடுக்க முடியாது. செய்த தவறு இரண்டு பக்கத்தில் யாராவது ஒருவருக்காவது தெரிய வேண்டும். ஜங்க்கில் கிடக்கும் சந்தேகமானவற்றைத் தினமும் காலையில் ஒரு பட்டியலாக அனுப்பும் வசதி பல சர்வர்களில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லிப் போடுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"ஒருக்கா செட் பண்ணிட்டா அப்புறம் என்னங்க வேலை, எதுக்கு வருஷா வருஷம் பராமரிப்புப் பணம்?" என்று கேட்பவர்களுக்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். ஓ.ஆர்.டி.பி. என்ற இலவசத் தடைப்பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது, யாரைப் பற்றிக் கேட்டாலும் "பட்டியலில் உண்டு" என்று பதில் சொல்லத் தொடங்கியது. அதை நீக்காத சர்வர்கள் வந்த மெயில் அத்தனையையும் மறுத்தன. இரண்டாவது, 2010 ஜனவரி 1. ஸ்பேம்அசாசினில், தேதி வெகு தூரத்து எதிர்காலமாக இருந்தால் புள்ளி போடும் விதி ஒன்று இருந்தது. அதை எழுதியபோது 2010 வெகு தூரமாகத் தெரிந்திருக்கிறது. புத்தாண்டு பிறந்ததும் உலகத்தில் ஒழுங்காகத் தேதி போட்ட ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டிலிருந்து மூன்றரைப் புள்ளி வரை ஏறியது. எல்லை 5தான் என்பதை நினைத்துப் பாருங்கள். திருத்தம் உடனே வந்தது. அதை இறக்கிப் போடும் ஆள் இருந்த சர்வர்கள் பிழைத்தன.

மூன்றாவது இன்றைக்கும் நடப்பது. ஸ்பேம்ஹாஸ் பட்டியலை கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்கக் கூடாது. கேட்டால் 127.255.255.254 என்று பதில் வரும். "இப்படிக் கேட்காதே" என்பதுதான் அதற்குப் பொருள். விவரம் தெரியாமல் அமைத்த சர்வர், பதில் வந்தாலே குற்றவாளி என்று எடுத்துக்கொண்டு எல்லோரையும் வெளியே நிறுத்தும். யாரோ நெட்வொர்க்கை மாற்றிக் கட்டும்போது எந்த டி.என்.எஸ்.ஸைக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரி மாறினால் போதும், உங்கள் கம்பெனிக்கு அன்றைக்கு மெயிலே வராது.

அடுத்து வொயிட்லிஸ்ட். "இந்தப் பையர் டொமைனை வொயிட்லிஸ்ட்ல போட்டுருங்க, எப்பவும் மாட்டக் கூடாது" என்பீர்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் அனுப்புநர் பெயரை மட்டும் பார்த்து விடும்படி அமைத்தால், அந்தப் பெயரைப் பொய்யாக எழுதுகிறவனுக்கும் அதே கதவு திறக்கும். அவன் உங்கள் பெரிய பையரின் பெயரைத்தான் எழுதுவான். எந்தச் சர்வரெல்லாம் ஒரு டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப். மெயிலில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கான கையெழுத்து டி.கே.ஐ.எம். இந்த இரண்டில் ஒன்றாவது, கண்ணில் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் வொயிட்லிஸ்ட் செல்லும் என்று எழுதச் சொல்லுங்கள். ஜிமெயில் டொமைன் முழுவதையும் வொயிட்லிஸ்டில் போடச் சொல்லாதீர்கள், சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, சீனா மெயில் எல்லாவற்றையும் தடுங்கள் என்றும் சொல்லாதீர்கள். ஜிப், பட்டன், ஊசி என்று அங்கிருந்து வாங்குபவர்கள்தானே நீங்கள்?

இனி வடிகட்டியால் முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பெரிய பணம் போகும் மெயில், ஸ்பேம் மாதிரியே இருக்காது. மோசடிக்காரன், பையர் அலுவலகத்திலோ உங்கள் அலுவலகத்திலோ யாரோ ஒருவரின் பாஸ்வேர்டைத் திருடி, பல நாள் மெயில்களைப் படித்துக்கொண்டே இருப்பான். எந்த இன்வாய்ஸுக்கு எப்போது பணம் என்று தெரிந்துகொள்வான். சரியான நாளில், ஓடிக்கொண்டிருக்கும் அதே உரையாடலுக்குள் வந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதில் செலுத்தவும்" என்று உங்கள் பெயரில் பையருக்கு எழுதுவான். அல்லது எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டு ஒரு டொமைன் வாங்கியிருப்பான். அந்த டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் எல்லாம் பக்காவாக வைத்திருப்பான். எங்கள் சோதனை அத்தனையிலும் அவன் தேறிவிடுவான், அவனுடைய டொமைனுக்கு அவன்தானே சொந்தக்காரன்.

இதில் ஏமாறுவது படிக்காதவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2013க்கும் 2015க்கும் இடையில் லிதுவேனியாக்காரர் ஒருவர், தைவான் வன்பொருள் கம்பெனி ஒன்றின் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது. இந்த வகை மோசடியால் 2023இல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் புகார்கள் பதிவாகியிருக்கின்றன. கூகுளையே ஏமாற்றிய மெயிலை உங்கள் சர்வரில் இருக்கும் வடிகட்டி பிடிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

இதற்கு வேண்டியது ஒரு அலுவலக விதி. வங்கிக் கணக்கு மாற்றம் மெயிலில் வந்தால், யார் அனுப்பியிருந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரல் கேட்காமல் பணம் போகக் கூடாது. அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் எண்ணில் கூப்பிடக் கூடாது. "எங்கள் கணக்கு எண் மாறினால் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம்" என்று பையர்களுக்கும் இப்போதே எழுதிவிடுங்கள், உங்கள் பி.ஐ. அடியில் ஒரு வரியாக அச்சிட்டும் விடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் வங்கிக்கும், கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யோசித்தால் பணம் நாலு நாடு தாண்டியிருக்கும். மெயில் பெட்டிகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கும்போது "ஸ்டாஃபுக்குத் தொல்லைங்க" என்று தள்ளிவிடாதீர்கள். திருடிய பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைபவனுக்கு அது பெரிய தடை.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். அடுத்தவர் சர்வருக்கு நீங்கள் அனுப்புவதும் குப்பையாக இருக்கலாம். கண்காட்சிக்குப் போய் விசிட்டிங் கார்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, கூடவே யாரோ விற்கும் "ஐரோப்பா பையர் லிஸ்ட்" ஒன்றையும் வாங்கி, கேட்லாக்கை ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே இரவில் தள்ளுவது இங்கே சர்வ சாதாரணம். இந்தியாவில் வேண்டாத மெயிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மெயிலைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. டிராயின் 2018 விதிமுறைகள் போன் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் உரியவை. ஆனால் உங்கள் பையர் இருக்கும் ஊரில் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் கம்பெனிக்கு அனுப்பும் விளம்பர மெயிலுக்கும் முன்கூட்டியே சம்மதம் வேண்டும்.

சட்டத்தைவிட வேகமாகத் தண்டிப்பது பெரிய மெயில் நிறுவனங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், மொத்தமாக அனுப்புகிறவர்கள் (கூகுளின் கணக்கில் நாளுக்கு 5,000 அல்லது அதற்கு மேல்) எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதித்தன. 2025 மேயில் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் பயனர்களுக்காக இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் அடிப்படை விதிகள் உண்டு. கேட்லாக் அனுப்பிய அதே சர்வரிலிருந்துதான் உங்கள் ஷிப்பிங் டாக்குமெண்டும் போகிறது. கேட்லாக்கால் பெயர் கெட்டால், பில் ஆஃப் லேடிங் போக வேண்டிய நாளில் அதுவும் பையரின் ஜங்க்கில் விழும். விளம்பரம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று தனி டொமைன், தனிச் சேவை வைத்து, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

உங்கள் பெயர் கெடாமல் இருக்க இன்னும் இரண்டு சின்ன வேலைகள் உண்டு. வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் மெயில் பெட்டியை அன்றைக்கே மூடி, வரும் மெயிலை அடுத்தவருக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். பழைய பாஸ்வேர்டோடு திறந்து கிடக்கும் பெட்டி வழியாகத்தான் ஒரே இரவில் பல்லாயிரம் குப்பைகள் உங்கள் பெயரில் வெளியே போகும், விடிவதற்குள் சர்வர் தடைப்பட்டியலில் ஏறியிருக்கும். டொமைனில் எந்தப் பெயருக்கு எழுதினாலும் ஒரே பெட்டியில் வந்து விழும் கேட்ச்ஆல் ஏற்பாட்டையும் எடுத்துவிடுங்கள். இல்லாத பெயர்களுக்கு வரும் குப்பையைக் காசு கொடுத்துச் சேர்த்து வைப்பது அது.

சர்வர் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இருந்தால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். வடிகட்டியின் உள்வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜங்க்கை யார் பார்ப்பது, யாருக்கு விலக்கு, கணக்கு எண் மாறினால் யார் போன் செய்வது என்பவை அங்கும் உங்கள் முடிவுதான்.

எனவே நான் கேட்பது ஒரு மணி நேரம். உங்கள் சர்வர்க்காரரையும், மூத்த மெர்ச்சண்டைசரையும், அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். சர்வர்க்காரரிடம் கேளுங்கள்: நம் சர்வர் எதையாவது சொல்லாமல் அழிக்கிறதா? எந்தெந்தத் தடைப்பட்டியல்களைக் கேட்கிறது, அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? வொயிட்லிஸ்டில் யார் யார், எதற்காக? நம் பெயரில் யாராவது பொய் மெயில் அனுப்பினால், நம் டிமார்க் வெறுமனே வேடிக்கை பார்க்கும் நிலையில் இருக்கிறதா, மறுக்கச் சொல்லும் நிலையில் இருக்கிறதா? மெர்ச்சண்டைசரிடம் கேளுங்கள்: ஜங்க்கைத் தினமும் பார்ப்பது யார், அவர் லீவு போட்டால் யார்? அக்கவுண்ட்ஸில் கேளுங்கள்: கணக்கு எண் மாற்றம் வந்தால் எந்த எண்ணுக்கு, யார் கூப்பிடுவது?

பதில்களை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த தடவை குப்பை வந்தாலும், பையர் மெயில் மாட்டினாலும், அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள். தாளில் இருப்பதை நாங்கள் செய்யவில்லை என்றால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறோம். தாளில் இருப்பதே சரியில்லை என்றால் அதை மாற்றுவோம், நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு.

அன்புடன்,
திருப்பூரில் மெயில் சர்வர் பார்ப்பவர்களில் ஒருவன்